சிக்னி தீவின் பாசி

தென் அமெரிக்காவின் தென்கோடியை விட்டுக் கிழக்கும் தெற்குமாகக் கப்பலில் போனால் சவுத் ஆர்க்னி என்ற தீவுக்கூட்டம் வரும். அதில் ஒரு சிறிய தீவு சிக்னி. ஆறேழு கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். ஒரு காலைப்பொழுதில் நடந்து கடந்துவிடலாம் போலத் தோன்றும் அளவுதான். ஆனால் பனியும் பாறையும் காற்றும் அப்படி நடக்க விடாது. நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக்காரர் பெட்டர் சோர்லே தன் மனைவியின் பெயரை இந்தத் தீவுக்கு வைத்தார். 1920களில் இங்கே திமிங்கிலங்களை அறுத்து எண்ணெய் காய்ச்சினார்கள். 1947இல் பிரிட்டன் ஒரு நிலையம் அமைத்தது. நாளடைவில் அது உயிரியல் ஆய்வுக்குப் பேர்போன இடமாயிற்று.

ஆய்வாளர்களை அங்கே இழுத்தவற்றில் பாசிக்குப் பெரிய பங்கு உண்டு. அண்டார்க்டிகா முழுவதற்கும் சொந்தமான பூக்கும் செடிகள் இரண்டே இரண்டு. மற்ற பசுமை எல்லாம் சுமார் நூறு வகைப் பாசிகளும் அதைப்போலப் பல மடங்கு லைக்கன்களும் தருவதுதான்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டுப் போவது நல்லது. தமிழில் குளத்தில் படர்வதும் பாசி, மழைக்காலத்தில் சுற்றுச்சுவரில் பச்சை மெத்தை கட்டுவதும் பாசி, செட்டிநாட்டு மசாலாவில் விழும் கல்பாசியும் பாசி. மூன்றும் மூன்று வேறு உயிர்கள். குளத்தில் இருப்பது ஆல்கா. கல்பாசி ஒரு லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும் ஏற்பாடு அது. சுவரில் மெத்தை கட்டுவதுதான் தாவரவியலில் மாஸ். நான் சொல்ல வந்தது இந்த மாஸின் கதை.

சிக்னியின் சரிவுகளில் கோரிசோடான்டியம் அசிஃபில்லம் என்ற ஒரு பாசி வளர்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். செடி மிக எளியது: ஊசிபோன்ற மெல்லிய இலைகள் சுற்றிய தண்டு, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பூ இல்லை, விதை இல்லை, மண்ணுக்குள் இறங்கி நீர் உறிஞ்சும் வேரும் இல்லை. மழையோ உருகிய பனியோ மேலே பட்டால் இலை வழியாகவே குடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்து சுருண்டு கிடக்கும். மறுபடி நனைந்தால் விரியும். சுவரோரப் பாசி கோடையில் பழுப்பாகிப் பொடியாகிவிட்டது என்று நினைத்திருப்போம், முதல் மழைக்கு மறுநாள் பச்சையாக நிற்கும். அதே குணம்தான் இதற்கும்.

இது தலைப்பக்கம் மட்டும் வளரும். நுனி மேலே ஏற ஏற, அடிப்பாகம் வெளிச்சம் இழந்து பழுப்பாகும். வெப்பநாடாக இருந்தால் அந்தப் பழுப்பு மக்கி மண்ணாகிவிடும். சிக்னியில் மக்குவதற்கு வேண்டிய சூடு இல்லை. அதனால் பழைய தண்டுகள் அப்படியே இருக்க, புதியவை அவற்றின் தலைமேல் நின்று வளர்கின்றன. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலே பாசி மேடுகள் எழும்பியிருக்கின்றன. கோடையில் மேடு மேலோட்டமாக மட்டும் இளகும். அதற்குக் கீழே எல்லாம் நிரந்தர உறைநிலம்.

நம் கதைக்குரிய தண்டு முளைத்தது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில், அல்லது அதற்கும் முன்பு. ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டு வெளியேறிய காலத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சவுத் ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம் இருப்பதையே மனிதர்கள் 1821இல்தான் கண்டார்கள். அதுவரை அந்த மேட்டைப் பென்குவின்களும் கடற்பறவைகளும் மட்டுமே பார்த்திருக்கும்.

முளைத்தபோது அது மேட்டின் உச்சியில் இருந்தது. பிறகு அடுத்த தண்டுகள் அதன்மேல் வளர்ந்தன. மேடு உயர உயர உறைபனியின் மட்டமும் கூடவே உயர்ந்தது. ஒரு கோடையில் இளகிய தண்டு, அடுத்து வந்த ஏதோ ஒரு கோடையில் இளகவில்லை. அன்றிலிருந்து அது உறைந்தே கிடந்தது. இந்தத் தண்டின் பயணத்தில் முதல் கட்டம் இதுதான்: நின்ற இடத்திலிருந்து அது அசையவே இல்லை, ஆனால் ஒரு மீட்டருக்கும் கீழே போய்விட்டது. கணக்குப் போட்டால் மேடு சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உயரவில்லை.

இரண்டாவது கட்டம் துளைக்கருவியோடு தொடங்கியது. பாசி மேடுகளைத் துளையிட்டு எடுப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அடுக்கடுக்காக வளர்ந்த மேடு, பழைய காலத்துத் தட்பவெப்பத்தைப் பதிந்து வைத்திருக்கும் பேரேடு போன்றது. எந்த நூற்றாண்டில் வேகமாக வளர்ந்தது, எதில் தளர்ந்தது என்பதை அதில் படிக்கலாம். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய உறைந்த உருளையாக, நம் தண்டு புதைந்திருந்த மேட்டின் ஒரு பகுதி வெளியே வந்தது. மேலே பச்சை நுனி, அதன்கீழ் வெளிர்பழுப்பு, இன்னும் கீழே அடர்பழுப்பு. அடியில் இருந்த தண்டுகூடத் தண்டாகவே இருந்தது, இலை ஒட்டியிருந்தது. மண் என்று சொல்ல முடியாத அளவுக்கு அது செடியாகவே இருந்தது என்பதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

அங்கிருந்து பிரிட்டன் வரை உறைநிலை குலையாமல் கொண்டுவந்தார்கள். தென் பாதியிலிருந்து வட பாதிக்கு வரவேண்டுமென்றால் வெப்பமண்டலத்தைக் கடந்தாக வேண்டும். நடுவழியில் ஒரு நாள் இளகியிருந்தாலும் ஆய்வு கெட்டிருக்கும். எது எப்போது விழித்தது என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் குளிரை, நடுவில் ஒரு மணி நேரமும் விட்டுவிடாமல் மனிதர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யாரும் அதிகம் பேசாத இந்தப் போக்குவரத்துதான்.

ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்மே ரோட்ஸ், ராய்ஸ் லாங்டன், பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வேயின் பீட்டர் கான்வே ஆகிய மூவரும் இந்த ஆய்வைச் செய்தவர்கள். இவர்களில் லாங்டன், துருவப் பாசிகளையும் லைக்கன்களையும் பற்றி 1988இலேயே முழு நூல் எழுதியவர். துறையில் கைநூலாகக் கருதப்படும் புத்தகம் அது. உருளையைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். வெளியிலிருந்து ஸ்போர் என்னும் வித்துத் தூளோ வேறு பாசியோ ஒட்டிவிடாதபடி மிகுந்த கவனத்தோடு அறுத்தார்கள். பிறகு துண்டுகளை வளர்ப்புப் பெட்டியில் வைத்தார்கள். செடி வளர வேண்டிய சாதாரண வெப்பம், வெளிச்சம். வேறு மருந்தோ மாயமோ இல்லை.

சில வாரங்களில் பச்சை தெரிந்தது.

மேல்துண்டுகளில் பச்சை வந்ததில் அதிசயம் இல்லை. ஒரு மீட்டருக்கும் கீழே இருந்த துண்டிலும் பழுப்புத் தண்டுகளின் நடுவிலிருந்து புதுத்தளிர் கிளம்பியது. அந்த ஆழத்துப் பாசியை ரேடியோ கார்பன் முறையில் காலம் கணித்தபோது குறைந்தது 1,530 ஆண்டு என்று வந்தது. உயிரோடு இருக்கும்வரை செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். எடுப்பதை நிறுத்திய நாளிலிருந்து அதிலுள்ள கார்பன்-14 சிதைந்து குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே வயது. 2014 மார்ச்சில் 'கரண்ட் பயாலஜி' இதழில் முடிவு வெளியாயிற்று.

படித்தவர்கள் உடனே கேட்கக்கூடிய கேள்வி நியாயமானது: மேலிருந்து புதிய வித்து ஏதாவது இறங்கி முளைத்திருந்தால்? தளிர் கிளம்பியது பழைய தண்டிலிருந்தே, அதே இனமாக. தவிர இந்தப் பாசி அண்டார்க்டிகாவில் வித்துப்பை வைப்பதே அரிது. வித்து நடமாட்டம் குறைந்த இடத்தில், நூற்றாண்டுகளாக உறைந்து இறுகிய அடுக்குக்குள் அது இறங்கிப் போயிருக்க வழி தெரியவில்லை.

இதற்கு ஓராண்டு முன்புதான் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அல்பர்டா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் லா ஃபார்ஜும் தோழர்களும் எல்ஸ்மியர் தீவில் டியர்டிராப் பனியாறு பின்வாங்கிய இடத்தில், பனிக்கடியிலிருந்து வெளிப்பட்ட பாசிகளைச் சேகரித்தார்கள். 1550 முதல் 1850 வரையிலான சிறு பனிக்காலத்தில் புதைந்தவை அவை. ஏறக்குறைய நானூறு ஆண்டு பழசு. கறுத்துச் சுருண்டு கிடந்த அவற்றில் சிலவற்றின் நுனியில் பச்சை இருந்தது. பொடித்து வளர்த்தபோது நான்கு இனங்கள் முளைத்தன. அதுவே பெரிய செய்தி. சிக்னிப் பாசியைப் பொடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இருந்த தண்டு இருந்தபடியே துளிர்த்தது.

விதை காத்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த பேரீச்சங்கொட்டை, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்து 2005இல் முளைத்தது. ஆனால் விதை என்பதே காத்திருப்பதற்காகச் செய்த பெட்டி: கனத்த தோல், உள்ளே கட்டுச்சோறு, கரு உறங்கும் அறை. சிக்னியில் விழித்தது இலையும் தண்டும். அதற்குப் பெட்டியும் இல்லை, கட்டுச்சோறும் இல்லை. உயிரணுவிலிருந்து நீர் போனாலும் உள்ளமைப்பு கலையாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றுதான் அதன் சொத்து. அதோடு, பாசியின் எந்தத் துணுக்கும் முழுச்செடியாக மறுபடி தொடங்கவல்லது. இறந்துவிட்டது என்று ஒன்றைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் தாவரவியலார் இனி இன்னொரு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதனால்தான் சிக்னியின் மேடுகளுக்கு இப்போது நடப்பது எனக்குக் கவலை தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகக் கொன்று தீர்த்த ஃபர் சீல் என்னும் கடல்நாய்கள், காப்பாற்றப்பட்டு மறுபடி பெருகின. அது நல்லதே. ஆனால் 1970களின் நடுப்பகுதியிலிருந்து அவை ஆயிரக்கணக்கில் கோடையில் சிக்னியில் கரையேறுகின்றன. அவை படுத்துப் புரண்ட தாழ்வான சரிவுகளில் பாசி மேடு நசுங்கிப் பிய்ந்துவிட்டது. சில இடங்களை வேலி போட்டுக் காக்க வேண்டிவந்தது.

இன்னொன்றை மனிதர்களே கொண்டுவந்தார்கள். 1960களில் சவுத் ஜார்ஜியாவிலிருந்து செடிகளைக் கொணர்ந்து சிக்னியில் நட்டுப் பார்த்த ஒரு சோதனையில், மண்ணோடு ஒட்டி, பறக்க முடியாத ஒரு பூச்சியும் வந்து சேர்ந்தது. எரிட்மாப்டெரா மர்ஃபியி என்பது அதன் பெயர். மக்காத பாசித் தழையைத் தின்று மண்ணாக்குவதே அதன் புழுக்களின் வேலை. மக்கவைக்க ஆளில்லாததால் எழும்பிய மேட்டில், மக்கவைக்கும் ஒன்று குடியேறியிருக்கிறது. பறக்க முடியாததால் மெல்லத்தான் பரவுகிறது. காலணியில் ஒட்டிய மண்ணோடும் அது இடம் மாறக்கூடும். நல்ல எண்ணத்தோடு செய்த சோதனைதான் அது. செய்தவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

உறைநிலம் இளகினால் எல்லாப் பாசியும் விழித்துவிடும் என்று யாரும் நம்பிக்கொள்ள வேண்டாம். வளர்ப்புப் பெட்டியில் நிதானமான சூடும் வெளிச்சமும் கிடைத்தன. ஒரு மீட்டர் இருட்டுக்குள் இளகும் தண்டுக்கு வெளிச்சம் இல்லை. அது மக்கத்தான் செய்யும்.

அண்டார்க்டிகாவுக்குப் போகும் பயணிகளுக்குக் கொடுக்கும் விதிகளில், கரையிறங்கும் முன் காலணியைக் கழுவ வேண்டும் என்றும், பாசி, லைக்கன் மீது மிதிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. போகிற வாய்ப்புக் கிடைத்தவர்கள் இந்த இரண்டையும் தயவுசெய்து கடைப்பிடியுங்கள்.