உத்தமபாளையத்துக்கு வந்த கல்லூரி

கம்பம் பள்ளத்தாக்கின் கதை – 14

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு மதகைத் திறந்து, பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே இறங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தண்ணீரால் லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. களம் நிறைந்தது, கடைத்தெரு பெருத்தது, கம்பமும் சின்னமனூரும் ஊராக இருந்து நகரமாயின. ஆனால் தண்ணீர் வந்து அறுபது வருஷம் ஆன பிறகும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி கிடையாது. இந்த வாரக் கதை அந்த அறுபது வருஷத்தைப் பற்றியும், அதற்கு முடிவு கட்டிய ஒரு கொடையைப் பற்றியும்.

அந்தக் காலத்தில் உத்தமபாளையத்துப் பிள்ளைகள் யாருமே மேல்படிப்பு படிக்கவில்லையா என்றால், படித்தார்கள். பி.டி. ராஜன் இந்த ஊர்க்காரர்தான். 1892-இல் பெருநிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் லேஸ் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரி, பாரிஸ்டர் பட்டம் என்று படித்துத் திரும்பினார். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவராகி, 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். அவருடைய குடும்பத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஊரிலேயே குத்தகைக்கு உழுதவரின் மகனுக்கு மதுரை எட்டாத தூரம்.

மதுரையில் கல்லூரிகள் இருந்தன. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது, மதுரைக் கல்லூரி 1889-இல். நாற்பதுகளின் கடைசியில் லேடி டோக் கல்லூரியும் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் தியாகராசர் கல்லூரியும் வந்தன. உத்தமபாளையத்திலிருந்து மதுரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 1928-இல் போடிக்கு ரயில் வந்தது. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இன்று வரை வரவில்லை. தினம் போய்த் திரும்ப வழியில்லை, அங்கேயே தங்க வேண்டும். தங்கினால் ஹாஸ்டலுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கல்லூரிச் சம்பளத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். மூன்று வேளைச் சோற்றுக்கும் அறை வாடகைக்கும் எத்தனை வருஷம் கடன் வாங்குவது? அதோடு, வீட்டில் உழைக்கிற இரண்டு கைகள் குறைந்துபோகும். நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் அந்தப் பையன் இருக்க மாட்டான். ஏழை வீட்டின் படிப்புச் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரியை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

அதனால் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றது. நன்றாகப் படித்தவன் ஆசிரியர் பயிற்சிக்குப் போனான், அல்லது தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை தேடினான். பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.

1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கியது. ஹாஜி கருத்த ராவுத்தர் தம் செல்வத்திலிருந்து கொடுத்து நிறுவிய கல்லூரி. அதே 1956-ஐத்தான் காமராஜர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய ஆண்டாகச் சொல்கிறோம். அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட ஆரம்பித்தபோது, படிக்கட்டின் மேல்முனையில் ஒரு தனி மனிதர் கல்லூரி வைத்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பள்ளத்தாக்கின் கல்வி வரலாற்றை எழுத முடியாது என்று நான் நினைக்கிறேன்.

கல்லூரி எட்டிப்பிடிக்கும் இடத்துக்கு வந்ததும் கணக்கு தலைகீழாக மாறியது. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, சின்னமனூர் என்று சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் வீட்டுச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து போக முடிந்தது. ஹாஸ்டல் செலவு போயிற்று. விடிகாலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வகுப்புக்கு வரலாம், சனி ஞாயிறில் கூலிக்குப் போகலாம். யார் கையிலும் தனியாக உதவிப் பணம் கொடுக்காமலே, படிப்பின் விலையில் பெரும்பங்கை அந்த ஒரு கொடை குறைத்துவிட்டது.

அது எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாளில் ஒரு தனியார் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு வேண்டுமென்றால் இடம், கட்டடம், ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் இருப்பதோடு, வங்கியில் ஒரு நிலை வைப்பு நிதியையும் காட்ட வேண்டும். இவை கொடையாளர் பொறுப்பு. ஆசிரியர்களின் சம்பளச் சுமையைப் படிப்படியாக அரசு மானியமாக ஏற்றுக்கொண்டது. அரசு உதவி பெறும் கல்லூரி என்று சொல்வது இதைத்தான். மண்ணையும் சுவரையும் கொடையாளர் கொடுத்துவிட்டார், சம்பளத்தை அரசு கொடுக்கிறது, மாணவன் கட்டுவது சொற்பம். இந்த மூன்று பேர் கூட்டணிதான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பெருமளவில் உருவாக்கியது. ஒருவர் ஒருமுறை கொடுத்தது ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி கொடுக்கப்படுகிறது. முஸ்லிம் பெரியவர்கள் இப்படிப்பட்ட கொடையை ‘சதக்கத்துல் ஜாரியா’ என்பார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் தருமம் என்று பொருள். பெரியாற்றுக் கால்வாய்க்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஒருவர் மொத்தமாகக் கொடுப்பது ஒரு வழி. ஊரே கூடிச் சிறுகச் சிறுகக் கொடுப்பது இன்னொரு வழி. அதற்குப் பெயர் மகமை. ராமநாதபுரம் சீமையின் பேட்டைகளில் நாடார் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்த ஏற்பாடு அது. ஒவ்வொரு மூட்டைச் சரக்குக்கும், ஒவ்வொரு வண்டிப் பாரத்துக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரி தனியே எழுதி வைப்பார். அது உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தின் பொதுப் பெட்டிக்குப் போகும். லாபம் வந்ததா, மனம் இரங்கியதா என்ற கேள்விக்கே இடமில்லை. வியாபாரம் நடந்தால் மகமை உண்டு. விருதுநகரில் 1880-களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இந்தப் பணத்தில்தான், சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து அந்தப் பள்ளியை நடத்திய கதையும் அந்த ஊரில் பிரசித்தம். அங்கே படித்த காமராஜர் பாதியில் பள்ளியை விட்டவர். ஆனால் பிடி அரிசியில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்.

அந்த வணிகர்கள் மேற்கே நகர்ந்து தேனியில் கடை போட்டபோது மகமையும் கூடவே வந்தது. தேனி மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை இன்று நாடார் சரஸ்வதி என்ற பெயரில் பள்ளிகளையும், கலை அறிவியல் கல்லூரியையும், பொறியியல் கல்லூரியையும் நடத்துகிறது. போடியில் 1971-இல் கல்லூரி தொடங்கியவர்கள் ஏலக்காய்த் தோட்டக்காரர்களின் சங்கத்தார். மலைக்கு மேலே இடுக்கியில் விளைந்த ஏலக்காய் போடிக்கு வந்து ஏலம் போகிறது. அந்த வாசனைப் பணத்தில் ஒரு பங்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கல்லூரியாக நிற்கிறது. அதே 1971-இல் பெரியகுளத்தில் பெண்களுக்கென்றே ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரியைத் தூய அன்னாள் சபைச் சகோதரிகள் தொடங்கினார்கள். உத்தமபாளையத்துக்கும் இவற்றுக்கும் நடுவே பதினைந்து வருஷ இடைவெளி இருக்கிறது. அந்தப் பதினைந்து வருஷத்தில் வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவிய கொடைகளில் மிகப் பழையது நம் மாவட்டத்திலேயே இல்லை. வைகை அணைக்காக ஊர் இழந்து வடுகபட்டியில் குடியேறிய குடும்பம் கவிஞர் வைரமுத்துவுடையது. 1959-இல் திறந்த அந்த அணையின் நீருக்குள் போன மண்ணைத்தான் பின்னாளில் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலாக எழுதினார். அவர் தமிழ் படித்தது சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில். அந்தக் கல்லூரிக்குப் பணம் வந்தது 1794-இல் இறந்துபோன ஒருவரின் உயிலிலிருந்து. பச்சையப்ப முதலியார் கோயில் கைங்கரியத்துக்கும் அறச்செயல்களுக்குமாகச் சொத்தை எழுதி வைத்துவிட்டு நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். பிறகு அந்தச் சொத்து வழக்கில் சிக்கியது. 1832-இல் அன்றைய சென்னை உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தபோது வட்டியோடு சேர்ந்து பெருந்தொகையாகியிருந்தது. தருமக் கட்டளைகளுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்கு ஒதுக்க, 1842-இல் பள்ளியும் 1889-இல் கல்லூரியும் பிறந்தன. வைரமுத்து படிப்பதற்கு ஏறக்குறைய நூற்றெண்பது வருஷம் முன்பு காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற பணம், வைகைக் கரையில் நிலம் போன வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொன்னது.

இந்தப் புகழ்ச்சியோடு நிறுத்தினால் வரலாறு பாதிதான். பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது. மகமைப் பணம் முதலில் உறவின்முறைக்குள்ளேதான் சுற்றியது. மற்றவர்களுக்கும் வாசல் திறந்தது மெல்ல மெல்லத்தான். கொடுக்கும் செல்வமே சேராத சாதிகள் இருந்தன. மகமை வைக்கக் கடை இல்லாதவர்கள், உயில் எழுத நிலம் இல்லாதவர்கள். அவர்கள் தெருவுக்குத் தருமம் எட்டவில்லை, அரசுதான் போனது. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அப்போது வைஸ்ராய் நிர்வாக சபையில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். ஆதிதிராவிடர் நல விடுதிகளும், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வரிப்பணத்தில் நடப்பவை. தனியார் கொடை அரசின் இடத்தை நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தியை அவர்களிடம் காட்டுங்கள். உத்தமபாளையத்துக் கொடையே அரசு சம்பளம் கொடுத்ததால்தான் இத்தனை தலைமுறைக்கு நீண்டது.

அந்தக் கூட்டணி பிறகு தளர்ந்தது. புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு மானியம் கிடைக்காமல், உதவி பெறும் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதிப் பிரிவுகள் வந்தன. ஒரே வளாகத்தில் ஒரு வகுப்புக்குச் சில நூறு, பக்கத்து வகுப்புக்குப் பல ஆயிரம். பொறியியல் என்றால் அதற்கும் மேலே. கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது, பணம் தூரமாகப் போய்விட்டது. அந்த இடத்தில்தான் இந்தத் தலைமுறையின் கொடைகள் நுழைந்தன. நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் ‘விதை’ திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த ஏழை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரி முடியும் வரை பார்த்துக்கொள்கிறது. விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே ஆள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது அவர்கள் முறை. மதிப்பெண் பட்டியலில் தெரியாததை வீட்டுக் கூரை சொல்லிவிடும். அரசும் 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டத்தையும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது.

அப்படியும் ஒரு பள்ளம் மிச்சமிருக்கிறது. விடியுமுன் கம்பம்மெட்டுப் பாதையிலும் போடிமெட்டுப் பாதையிலும் ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் மகள் பிளஸ் டூ தேறுகிறாள் என்று வையுங்கள். உதவித்தொகை வரும், ஆனால் சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் வரும். சேரும் அன்றைக்கே முதல் தவணை கட்ட வேண்டும். சான்றிதழ்களுக்கு அலைய ஒரு நாள் கூலி போக வேண்டும். நல்லதாக இரண்டு உடுப்பு வேண்டும். அந்த ஒரு வாரத்தில் கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ இல்லாததால், இடம் கிடைத்தும் சேராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த திங்கட்கிழமை அம்மாவோடு அதே ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.

உத்தமபாளையத்திலும் போடியிலும் பெரியகுளத்திலும் படித்துவிட்டு இன்று சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி கட்டச் சொல்லவில்லை. மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போன் போடுங்கள். “நல்ல மார்க் வாங்கியும் எங்கும் விண்ணப்பம் போடாத பிள்ளை யார்?” என்று கேளுங்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள்.