தொந்தியும் தராசும்

வட ஆற்காட்டுப் பக்கத்தில் வெகு நாள் கழித்து இருவர் சந்தித்துக்கொண்டால், சுகமா என்று கேட்பதற்கு முன்னாலேயே உடம்பைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். "இன்னாங்க, இப்படி எளச்சுப் பூட்டீங்க?" என்று ஒருவர் கேட்டால் அதில் பரிவு இருக்கிறது, கவலை இருக்கிறது, வீட்டில் சமையல் சரியில்லையோ என்ற சந்தேகமும் சிறிது இருக்கிறது. "நல்லா பூசினாப்பல ஆயிட்டீங்க" என்றால் அது, சமீப காலம் வரையில், பாராட்டு. காய்ச்சலில் விழுந்து எழுந்தவனைப் பார்த்து 'உடம்பு தேறிவிட்டது' என்கிறோம். நோய் தீர்ந்தது என்பதற்கும் சதை பிடித்தது என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள் நாம். இப்படி ஒரு சொல் ஒரு பாஷையில் சும்மா உண்டாகிவிடாது. அதற்குப் பின்னால் பசியின் சரித்திரம் ஒன்று இருந்தே தீரும்.

அந்தச் சரித்திரத்தைச் சொல்வதற்கு ஆரணி தோதான ஊர். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள அந்த ஊருக்குப் பிழைப்பு இரண்டு: பட்டு, அரிசி. இரண்டுமே தராசில் ஏறி இறங்குகிற சரக்கு. பட்டு முதலாளி பாவுக்கும் ஊடைக்கும் நூலை நிறுத்துக் கொடுப்பார். நெசவாளி புடவையை நெய்து கொண்டுவந்தால் மறுபடியும் நிறுத்துத்தான் வாங்கிக்கொள்வார். கிராமுக்குக் கிராம் கணக்கு. அரிசி ஆலைகளிலோ மூட்டைக் கணக்கு. நூலையும் நெல்லையும் நிறுத்த மனிதர்கள் ஒருநாள் மனிதனையே தராசில் ஏற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எப்போது, எதற்காக என்பதுதான் விஷயம்.

முன்காலத்தில் மனிதனை நிறுக்கத் தராசு தேவைப்படவில்லை. கண் போதும். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நெடுங்காலம் ஆரணி ஒரு ஜாகீராக இருந்தது. மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். ஜாகீர்தார், மிராசுதார், வட்டிக் கடைக்காரர், பட்டு முதலாளி ஆகியோருடைய வயிறு அவர்களுடைய வருமானத்தை ஊருக்குப் பறையறிவித்தது. பின்னால் இன்கம்டாக்ஸ் அதிகாரிகள் வெகு சிரமப்பட்டுக் கண்டுபிடித்ததை அந்தக் காலத்துப் பொதுஜனம் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்! அரச மரத்தடிப் பிள்ளையாருக்கும் தொந்திதான். அவரைப் பார்த்து, எடையைக் குறையுங்கள் சுவாமி என்று யாரும் சொன்னதில்லை. மேலும் இருபத்தொரு கொழுக்கட்டை படைத்தார்கள்.

ஆனால் வைத்தியர்கள் இந்த மயக்கத்துக்கு ஆளாகவில்லை. சரக சம்ஹிதை, நிந்தனைக்குரிய எட்டு வகைச் சரீரங்களைச் சொல்லும்போது மிகப் பருத்ததையும் மிக மெலிந்ததையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டில் மெலிவே மேல், வைத்தியம் செய்யச் சுலபம் என்றும் தீர்ப்பளிக்கிறது. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தாரே, அதில் மருந்தைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். செரித்த பின் அளவறிந்து உண் என்பதே அவர் உபதேசம். நாம் திருவள்ளுவரைப் போற்றினோம். பந்தியில் மட்டும் இன்னொரு கரண்டி நெய் கேட்டோம்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருஷம் சென்னை ராஜதானியைப் பிடித்து ஆட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறார்கள். வட ஆற்காடும் அதில் தப்பவில்லை. பஞ்சம் வந்தால் உழவனோடு கூடவே விழுகிறவன் நெசவாளி. சோற்றுக்கே இல்லாதவன் புடவை வாங்குவானா? தறி நின்றால் நெசவாளிக்கு வேறு வேலையும் தெரியாது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை.

அப்போதுதான் சர்க்கார் முதன்முறையாக நம்முடைய உடம்புகளைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் 1877-ன் ஆரம்பத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இவர் கதை விசித்திரமானது. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்துத் தாராளமாகச் செலவிட்டு ஜனங்களைக் காப்பாற்றியவர் இவரேதான். அதற்காக மாலை மரியாதை கிடைத்ததா? பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று ஏச்சுத்தான் கிடைத்தது. சூடு கண்ட பூனை சென்னைக்கு வந்ததும் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தது. நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். பெண்களுக்கும் வேலை செய்கிற குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு.

ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்துப் போராடினார். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் இல்லாவிட்டால் உழைக்கிற உடம்பு தாங்காது என்பது அவர் கட்சி. அவுன்ஸ் அவுன்ஸாக விவாதம் நடந்தது. கடைசியில் சென்னை சர்க்கார் பாதி வழி இறங்கி வந்து, சுமார் 570 கிராம் தானியமும் சிறிது பருப்பும் என்று ஆக்கிற்று. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். உடம்பினால் சமூகத்துக்கு ஆகும் செலவு என்ற பேச்சு நம் நாட்டில் தொடங்கியது அப்படித்தான். அன்று பாரமாகத் தெரிந்தது மெலிந்த உடம்பு.

அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகள், பிள்ளை கொழுகொழு என்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன ஆச்சரியம்? கிளாக்ஸோ மாவு டப்பாக்களின் புண்ணியத்தில் 'கிளாக்ஸோ பேபி' என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. மடியில் தூக்க முடியாத குழந்தைக்குத்தான் மதிப்பு.

வட ஆற்காட்டில் அரிசிச் சோறு அப்போது எல்லாருக்கும் தினசரி உணவல்ல. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சாமைச் சோறு இவைதான் ஏழை வீட்டு அடுப்பில் வெந்தன. நெல்லுச் சோறு அமாவாசைக்கும் பண்டிகைக்கும். யுத்த காலத்து ரேஷன், 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது, 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம், 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் ரேஷன் கார்டுகளுக்கு விலையில்லாமலே அரிசி என்று தமிழ்நாட்டு அரசியலின் பெரிய பகுதி அரிசிப் பானையைச் சுற்றியே நடந்திருக்கிறது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பசியை ஓட்டியது சாமான்யமான சாதனையா? ஆனால் உலக்கைக்குப் பதில் ஆலை வந்தது, தவிடு போயிற்று, மல்லிகைப்பூ மாதிரி அரிசி வந்தது. அந்த வெண்மைக்குப் பேர்போன ஊர்களில் ஆரணியும் ஒன்று. தீட்டிய தானியத்தை அதிகம் உண்பவர்களுக்கு நீரிழிவு நோயும் அதிகம் என்று சென்னையில் நடந்த ஆராய்ச்சிகள் பிற்பாடு கண்டுபிடித்துச் சொல்லின.

சோறு எல்லாருக்கும் கிடைத்தது. கூடவே தொந்தியும் எல்லாருக்கும் கிடைத்தது. அதோடு அதன் மரியாதையும் போயிற்று! மிராசுதாருக்கு மட்டும் இருந்தவரை அது லக்ஷ்மீகரம். பஸ் கண்டக்டருக்கும் இட்லி விற்கும் ஆயாவுக்கும் வந்ததும் அது ஹாஸ்யம். சினிமாவைப் பாருங்கள். குண்டு கல்யாணம் என்ற நடிகருக்கு உடம்பே பெயரில் முன்னால் வந்து நின்றது. பிந்து கோஷ் நடனம் கற்ற பெண்மணி. திரையில் அவர் வந்து நின்றாலே கொட்டகை சிரித்தது, வசனம் கூட வேண்டியிருக்கவில்லை. நோயிலும் வறுமையிலும் கடைசி ஆண்டுகளைக் கழித்து 2025 மார்ச்சில் அவர் காலமானார்.

பரிகாசத்துக்குப் பிறகு கணக்கு வந்தது. பெல்ஜியம் தேசத்து வானசாஸ்திரி கெத்தலே 1830-களில் உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார். சராசரி மனிதன் என்பவன் எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்காகப் போட்டதே தவிர, வைத்தியத்துக்காக அல்ல. பின்னால் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எடை அட்டவணை போட்டன. பருத்தவன் சீக்கிரம் செத்தால் கம்பெனிக்கு நஷ்டம். 1972-ல் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி கெத்தலேயின் சூத்திரத்தைத் தூசி தட்டிப் புதுப் பெயர் சூட்டினார். இன்று ஆஸ்பத்திரிகளில் 'பி.எம்.ஐ.' என்று எழுதுகிறார்களே, அதுதான். அது 25-க்கு மேற்பட்ட பெண்கள் தமிழ்நாட்டில் 2015-16-ல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21-ல் 40.4 பேர். ஆண்கள் 28.2-லிருந்து 37 ஆனார்கள். தேசிய குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கு இது. நாலைந்து வருஷத்தில் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் மனவுறுதி தளர்ந்துவிட்டது என்று நம்புவதற்கு நான் தயாரில்லை.

ஆனால் அப்படித்தான் பேசுகிறார்கள். தின்று கொழுத்தவனுக்கு வைத்தியம் பார்க்க நம் வரிப்பணமா என்ற கேள்வி படித்தவர்கள் வீட்டுக் கூடத்தில் சகஜமாக எழுகிறது. 2016-ல் கேரள சர்க்கார் பெரிய கம்பெனி ஓட்டல்களின் பீட்ஸாவுக்கும் பர்கருக்கும் 14.5 சதவிகிதம் கொழுப்பு வரி போட்டது. மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது. தெருமுனைப் பரோட்டா இரண்டு வருஷமும் வரியின்றிப் புரண்டுகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருத்தி, பருத்த சரீரம், காது வலிக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் காதைப் பார்ப்பதற்கு முன்பே அவளை எடை மேடையைப் பார்க்கச் சொன்னார். பிறகு, காத்திருந்தவர்கள் காதிலெல்லாம் விழும்படி சாப்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதன் பின் இரண்டு வருஷம் அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. அசதி, முடி உதிர்தல், கால் வீக்கம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தபோது தைராய்டு சுரப்பி மந்தம். சர்க்கரை? துளியும் இல்லை. வெட்கத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதை எந்த இலாகாவும் கணக்கில் எழுதுவதில்லை.

சர்க்கரை இருந்தது வேறோர் இடத்தில். ஆரணிக்கு அடுத்த ஒரு கிராமத்தில் குழித்தறி போட்டிருக்கும் பெரியவர் அவர். நாற்பத்தெட்டு கிலோ இருந்தால் அதிகம். அந்த உடம்பைப் பார்த்து யாராவது சர்க்கரை என்று சந்தேகிப்பார்களா? யாரும் சந்தேகிக்கவில்லை. விஞ்ஞானிகள் மட்டும் சந்தேகித்திருப்பார்கள். புனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்தே ஒரு வைத்தியப் பத்திரிகையில் பிரசுரித்தார்கள். இருவருக்கும் சூத்திரக் கணக்கு ஒரே 22.3. உள்ளே இருந்த கொழுப்போ, ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது இந்திய உடம்பின் சுபாவம். அது தாயின் கர்ப்பத்திலேயே, அவள் பட்ட பசியிலேயே ஆரம்பமாகிறது என்பது யாக்னிக்கின் வெகு நாளைய ஆராய்ச்சி. தாத்தா பட்ட பஞ்சம் பேரன் தட்டில் சோறு நிறைந்த பிறகு வட்டியோடு வசூலுக்கு வருகிறது என்று சொல்லலாமா? கதாசிரியன் சொல்லலாம். 2023-ல் வெளியான கணக்குப்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்கள் எல்லாரும் தொந்திக்காரர்கள் அல்ல.

பெரியவருக்கு நோய் தெரிந்தது கால் வழியாக. குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கைக்கு நாடா என்றால் காலுக்கு மிதி. "மிதி காலுக்குக் கீழ இருக்குதா இல்லியான்னே தெரியல சார். சத்தத்த வெச்சித்தான் மிதிக்கறேன்" என்றார் என்னிடம். உள்ளங்காலில் புண் வந்ததும் தெரியவில்லை. பத்து நாளில் இறக்கிய புடவை இருபது நாளாயிற்று. கூலி பாதி. அவர் மனைவி தார் சுற்றுவதோடு பக்கத்து வீட்டுக்கும் சுற்றிக் கொடுக்கப் போனாள். முதலாளி புடவையை வழக்கம் போல் நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்; எடை சரியாக இருந்தது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் அவர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறாள். சோற்றைக் குறைத்துக் கேழ்வரகு சேர்த்துக்கொள்ளுங்கள் தாத்தா என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-ல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ள வழி செய்தார்களே, இங்கேயும் வந்தால் வாங்குவீர்களா என்று நான் கேட்டேன்.

பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"எங்க அப்பா காலத்துல களி துன்ற ஊட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க சார். அரிசிச் சோறு ஆக்கறோம்னு சொல்லித்தான் இவள எனக்குக் கட்டிவெச்சாரு."

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள், "ஆமாம், பெரிய சோறு!" என்றாள்.