எதிர்வுகூறல்களும் எடுகோள்களும்

மத்திய வங்கி வட்டிவீதத்தை உயர்த்தும்போதும் குறைக்கும்போதும் அதன் பின்னணியில் ஓர் எதிர்வுகூறல் இருக்கின்றது. வரும் காலாண்டுகளில் பணவீக்கம் எவ்வளவாக இருக்கும் என்பதே அது. கடனாளிகளினதும் சேமிப்பாளர்களினதும் வாழ்வைத் தீண்டுகின்ற இவ்வெதிர்வுகூறல் எந்த அடித்தளத்தில் நிற்கின்றது என்பதை அனைவரும் அறிந்திருப்பது அவசியமென நாம் கருதுகின்றோம்.

விலைச் சுட்டெண், வட்டிவீதம், நாணயமாற்று வீதம் போன்றவற்றின் பெறுமதிகளை மாதந்தோறும் வரிசைப்படுத்தினால் கிடைப்பது காலத்தொடர். 1980இல் கிறிஸ்டோபர் சிம்ஸ் முன்வைத்து, பின்னர் மத்திய வங்கிகளிடையே பரவலாகிய முறை, ஒவ்வொரு மாறியையும் அதனதும் ஏனைய மாறிகளினதும் கடந்தகாலப் பெறுமதிகளைக் கொண்டு விளக்குகின்றது.

இதற்கு மூன்று எடுகோள்கள் முக்கியமானவை. முதலாவது நிலைத்தன்மை. தொடரின் சராசரியும் தளம்பலின் அளவும் காலத்தோடு மாறலாகாது. விலைமட்டம் ஏறிக்கொண்டே செல்வதால் அதனை மாற்றவீதமாக்கியே பெரும்பாலும் பயன்படுத்துவர். இதனைப் புறக்கணித்தால் தொடர்பற்ற இரு தொடர்களிடையே போலித் தொடர்பு தென்படும் என்பதை 1974இல் கிரேஞ்சரும் நியூபோல்டும் எடுத்துக்காட்டினர். இரண்டாவது, மாதிரியுருவால் விளக்கப்படாத வழுக்கள் முன்னைய வழுக்களோடு தொடர்பற்றிருத்தல். அவற்றில் ஓர் ஒழுங்கு தெரிந்தால் மாதிரியுரு எதையோ தவறவிட்டுள்ளது என்பதே பொருள். மூன்றாவது, மாறிகளுக்கிடையிலான தொடர்புகள் நாளையும் இன்றுபோலவே நீடிக்கும் என்பது. கொள்கை மாறினால் மக்களின் எதிர்பார்ப்புகளும் மாறும். ஆகவே இவ்வெடுகோள் தளர்ந்துவிடும் என 1976இல் றொபேர்ட் லூக்காஸ் எச்சரித்தார்.

இவ்வெச்சரிக்கையின் கனதியை இலங்கை 2022இல் உணர்ந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. 2024 செப்டெம்பரில் அது மறை 0.5 சதவீதமாகியது. அமைதியான ஆண்டுகளின் தரவுகளை மட்டும் கொண்டு கணித்த எவருக்கும் இத்தகைய ஏற்ற இறக்கம் நிகழவே முடியாததாகத் தோன்றியிருக்கும். இப்போது அந்த மாதங்களை நீக்கினால் நெருக்கடி மீண்டும் வரலாம் என்பதை மாதிரியுரு மறந்துவிடும். சேர்த்தால் வழமைக்கால மதிப்பீடுகள் திரிபடையும். எதனைத் தெரிவுசெய்வது என்பது கணிதம் மட்டும் தீர்க்கக்கூடிய வினாவன்று.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தின் கீழ், பணவீக்க இலக்குத் தவறும்போது அதற்கான காரணங்களைப் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடவேண்டும். அவ்வறிக்கைகள் எண்களோடு நின்றுவிடாது, எந்த எடுகோள் பொய்த்தது என்பதையும் மக்களுக்கு விளங்கும் மொழியில் கூறவேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.