டெலோஸை வளர்த்தது யார்?

தேனிலவுக்காகக் கிரேக்கத்தின் மிக்கோனோஸ் தீவுக்கு வரும் புதுமணத் தம்பதிகள் பலர், படகேறிப் பக்கத்துத் தீவான டெலோஸின் இடிபாடுகளையும் பார்த்து வருகிறார்கள். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்த புண்ணிய பூமி என்பதுதான் அதன் புகழ். ஆனால் அங்கே இன்று நாம் காணும் வீடுகளையும் கிடங்குகளையும் எழுப்பியது பக்தியைவிட வணிகமே. கி.மு. 167 வாக்கில் ரோம் டெலோஸைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கிய பிறகே ஊர் பெருத்தது. ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி அனுப்ப இங்கே முடிந்தது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். அந்த எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். மனிதர்களை விற்ற பணமும் இங்கே புழங்கியது என்பதை மறுக்க முடியாது.

கோயில்தானே வணிகரை ஈர்த்தது என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. கிளியோபாட்ரா என்ற ஏதென்ஸ் பெண்மணியின் வீட்டில் கிடைத்த தம்பதி சிலைகளுக்கு இன்று தலையில்லை. பீடத்துக் கல்வெட்டோ, அவருடைய கணவர் இரண்டு வெள்ளி முக்காலிகளை அப்பல்லோவுக்கு அளித்ததைப் பெருமையோடு சொல்கிறது. ஆனாலும் கி.மு. 88-இல் ரோமின் எதிரியான பொன்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படையும் 69-இல் கடற்கொள்ளையரும் சூறையாடியபின், வணிகர்கள் வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள். அப்பல்லோவின் புனிதம் மட்டும் அந்த ஊரை மீட்கப் போதவில்லை.