ஜீஸ் பெண்ட் ஊரின் ஒட்டுப்போர்வைகள்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்தோடும் நிலப்பரப்பில் அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். 1816ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். வளைவுக்கு அவர் பெயர் வாய்த்தது. 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரிடம் போயிற்று. அங்கே அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களுக்கு அவருடைய பெயரே குடும்பப் பெயராயிற்று. அடிமைமுறை ஒழிந்த பின்னும் அவர்தம் வழியினர் அதே மண்ணில் வாரக்குடிகளாய் உழைத்தனர். நாளெல்லாம் பருத்தி பறித்தவர்களின் வீட்டில் போர்த்திக்கொள்ளப் புதுத்துணி இல்லை. கிழிந்த காற்சட்டையும் மாவு மூட்டையும் உரச்சாக்குமே அவர்களுடைய பெண்களுக்குக் கிடைத்த துணி.

ஒட்டுப்போர்வைக்கு அடிப்படை சதுரக் கட்டம். துண்டுகளை இணைத்து ஒரு கட்டம், கட்டங்களை இணைத்து மேல்விரிப்பு, அதன்கீழ்ப் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஊடுதையல். கட்டத்தை ஒருத்தி தன் வீட்டில் தனித்திருந்து தைப்பாள். ஊடுதையலுக்கு மட்டும் அண்டை வீட்டுப் பெண்கள் சட்டத்தைச் சுற்றி அமர்வர். ஜீஸ் பெண்டில் பெரிதும் விரும்பப்பட்ட கட்டத்திற்குக் ‘கூரை’ என்னும் பொருள்படும் பெயருண்டு. நடுவில் ஒரு சிறு சதுரம். அதன் நான்கு பக்கமும் பட்டைத்துணி. அதனைச் சுற்றி மேலும் பட்டைகள். பட்டையின் நீளத்தை அளவுகோல் வகுக்கவில்லை. கைக்கு வந்த துண்டின் நீளமே வகுத்தது. சிவப்புத் தீர்ந்துபோனால் நீலம் தொடரும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிச் சதுரம் சாயும். சீர் சிதையாமல் தளை மாறுவதை அறிந்த கவிஞர்க்கு இச்சாய்வின் அழகை விளக்க வேண்டியதில்லை.

1932ஆம் ஆண்டு அவ்வூருக்குக் கொடிய ஆண்டு. கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்ததும், அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக மாடு, கலப்பை, தானியம் அனைத்தையும் வாரிச் சென்றனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப்பங்கீட்டால் ஊர் உயிர்பிழைத்தது. 1937இல் ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த புகைப்படங்களில், குளிர்காற்றைத் தடுக்கச் சுவரெங்கும் செய்தித்தாள் ஒட்டிய வீடுகளைக் காணலாம்.

அக்காலத்தை அடுத்து 1942இல் மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி தைத்த போர்வை ஒன்று உண்டு. கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய காற்சட்டைகளையும் மேற்சட்டைகளையும் வெட்டிக் கட்டங்களாக்கினார். கணவரை நினைவில் வைக்கவும், அந்த அன்பின்கீழ் உறங்கவுமே அதனைத் தைப்பதாகத் தாய் கூறியதை மகள் ஆர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். இத்தகைய உழைப்புடைப் போர்வைகளில் முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்திருக்கும்; பை பிரித்தெடுக்கப்பட்ட இடம் மட்டும் பழைய நிறம் மாறாதிருக்கும். அவ்வூர் உழவர்களைப் பற்றி ஏடுகள் எழுதாமல் விட்டவற்றுள் சில, இக்கறைகளில் உள்ளன.

1962இல், ஊரார் ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குச் சென்று வாக்காளராகப் பதிவுசெய்ய முனைந்த காலத்தில், படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. படகில் எளிதாய்ச் சென்ற நகரை அடையச் சாலைவழியே நெடுந்தொலைவு சுற்ற வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். அவ்வாண்டின் இறுதியில், கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு வியந்த பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார் அவற்றை விற்றுத்தர முன்வந்தார். 1966இல் ‘விடுதலைப் போர்வைக் கூட்டுறவு’ அவ்வட்டாரத்தில் தோன்றியது. ஊசி முதன்முறையாகக் கூலி ஈட்டித் தந்தது. ஆயினும் கடைகள் கேட்டவை ஒரே அளவும் ஒரே வடிவமும் உடையவை. சாய்ந்த சதுரத்திற்கு அங்கே இடமில்லை. கூலியின் அருமையையும் இவ்விழப்பையும் ஒருங்கே கருதுவதே நேர்மை.

1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் கேட்டது. பொன்மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு எனத் துணி வந்திறங்கியது. உறைக்குப் போக மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். தடித்த அத்துணி வளைவுகளுக்கு எளிதில் இணங்காது. ஆகவே நேர்ப்பட்டைகளும் பெருஞ்சதுரங்களும் பிறந்தன. பணிமனையில் அளவுக்கு அடங்கிய கை, வீட்டில் அதே துணியின் மிச்சத்தைக் கொண்டு தன் போக்கில் தைத்தது.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இப்போர்வைகள் சுவரில் தொங்கின. நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுத் திறனாய்வாளர் புகழ்ந்தனர். புகழ்ச்சிதான், எனினும் இப்பெண்கள் தம் தாயரிடமும் பாட்டியரிடமும் கற்றார்களேயன்றி ஓவியக்கூடங்களில் அன்று. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை பத்துப் போர்வைகளை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆற்றில் மீண்டும் படகு ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.