த்ராட்டில் பாடியின் சூடும் போடிமெட்டு ஏற்றமும்

பெட்ரோல் காரின் த்ராட்டில் பாடிக்குள் சூடான கூலண்ட்டைக் கொண்டுசென்று திரும்பும் ஹோஸ்களைக் கழற்றி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் என்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அடர்த்தி கூடினால் இழுவை கூடும். இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் இயற்பியல்படி சரியானதே. ஆனால் எவ்வளவு கூடும் என்று அது கேட்பதில்லை. தேனி வட்டாரத்தில் இந்த யோசனைக்குக் கூடுதல் கவர்ச்சி உண்டு. இங்கிருந்து கேரளத்துக்குள் நுழைய போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்த வழியிலும் மலை ஏறியாக வேண்டும். அடிவாரத்திலோ கோடை வெயில் 35 டிகிரியைத் தாண்டும். பனி உறையாத ஊரில் த்ராட்டில் பாடிக்கு எதற்குச் சூடு என்ற கேள்வி நியாயமானது. என் விடை இது: சூடு இங்கே பெரும்பாலும் தேவையில்லை, ஆனாலும் அதை நீக்குவதால் கிடைக்கும் லாபம் சாலையில் உணரக்கூடியதல்ல.

அந்தச் சூடு எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஈரப்பதம் மிகுந்த நாளில், வெளியே 20 டிகிரி இருக்கும்போதும் உள்ளே பனி படியலாம் என்பது சிறு விமானங்களை ஓட்டுவோருக்குப் பாலபாடம். அந்தப் பனியைத் தடுக்கத்தான் சூடு. ஆனால் கார்பரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. என்ஜினில் பெட்ரோல் த்ராட்டிலைத் தாண்டி, வால்வுக்கு அருகில்தான் பீய்ச்சப்படுகிறது. ஆவியாதலால் வரும் குளிர்ச்சி த்ராட்டில் தகட்டை எட்டுவதில்லை. எனவே வெளிக்காற்றே உறைநிலையை நெருங்கும்போதுதான் பனிக்கு வாய்ப்பு. கம்பத்தில் அப்படியொரு காலை விடிவதில்லை. ஆனால் போடியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 85இல் மேலே போனால் வரும் மூணாறில், சனவரி அதிகாலைகளில் புல்வெளி வெள்ளையாக உறைவதுண்டு.

இனிக் கணக்கு. 1.2 லிட்டர் என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்றில், ஆக்சிலேட்டர் முழுவதும் அழுத்தப்பட்ட நிலையில், நொடிக்குச் சுமார் 50 லிட்டர் காற்றை இழுக்கும். த்ராட்டில் துளையின் விட்டம் 45 மி.மீ. என்று கொண்டால் காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டுகிறது. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த உலோகக் கழுத்தை அது கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆவதில்லை. விளக்குச் சுடரில் விரலைச் சட்டென்று வீசி எடுத்தால் சுடுவதில்லையே, அதே நியாயம்தான். சுவர் 90 டிகிரி, காற்று 35 டிகிரி என்று வைத்து, குழாய்களுக்கான வழக்கமான வெப்பப் பரிமாற்றச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் காற்று சூடேறுவது ஏறத்தாழ ஒரு டிகிரி. தாராளமாகக் கொண்டாலும் ஒன்றரை. ஒரு டிகிரிக்கு அடர்த்தி 0.3 சதவீதம் மாறும். 80 குதிரைத்திறன் காரில் அது கால் குதிரைத்திறன். மெதுவாக ஓட்டும்போது காற்று இன்னும் சற்றுக் கூடுதலாகச் சூடாகும் என்பது உண்மை. ஆனால் அப்போது காற்றைக் கட்டுப்படுத்திவைத்திருப்பது ஓட்டுநரின் காலே. ஒரு மயிரிழை கூடுதலாக மிதித்தால் ஈடாகிவிடும்.

இப்படி ஹோஸ்களை இணைத்து பைபாஸ் செய்தவர்கள் காட்டும் சான்று பெரும்பாலும் தொடுவுணர்வு: முன்பு கை வைக்க முடியாமல் கொதித்த த்ராட்டில் பாடி இப்போது தொட முடிகிறது. உலோகம் குளிர்ந்திருக்கிறது, ஐயமில்லை. அதைவைத்துக் காற்றும் அவ்வளவு குளிர்ந்துவிட்டதாக முடிவுகட்டுவதில்தான் பிழை இருக்கிறது.

இந்தக் கால் குதிரைத்திறனை எடைபோட நம் மலைப்பாதையே தராசு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். மேலே காற்றழுத்தம் 11 சதவீதம் குறைகிறது. குளிர்ச்சி அதில் சிறிது மீட்டுத் தந்தாலும் அடர்த்தி 9 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அதே 80 குதிரைத்திறன் காரில் ஏழு குதிரைகள் காணாமல் போகின்றன. திருப்பிக் கணக்கிட்டால், பைபாஸ் தந்த லாபம் முழுவதும் 35 மீட்டர் உயரம் ஏறுவதற்குள் கரைந்துவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் சராசரியாகப் பார்த்தால், ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையிலேயே அது முடிந்துபோகிறது.

“வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது” என்ற அனுபவச் சொல்லை நான் பொய் என்று ஒதுக்கவில்லை. அந்த வேறுபாடு வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம். தென்மேற்குப் பருவத்தில் கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பித்தான் இங்கே காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் சிறு காருக்கு, மணிக்கு 18 கி.மீ. எதிர்க்காற்று மட்டுமே சுமார் மூன்று குதிரைத்திறனைக் கூடுதலாகத் தின்னும். சின்னமனூரிலிருந்து கம்பம் நோக்கிப் போகும்போது ஒரு மதிப்பீடு, திரும்பும்போது வேறொன்று என்றால், அளக்கப்பட்டது காற்றுதான்.

காற்றின் வெப்பம் பொருட்டே அல்ல என்பதும் என் வாதமல்ல. செகண்ட் கியரில் மெல்ல ஏறும் காரின் பானெட்டுக்குள் வெளியைவிடப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்து, ஏர் ஃபில்டர் அந்தக் காற்றையே உறிஞ்சினால் ஐந்து சதவீத அடர்த்தி போய்விடும். ‘நாக்கிங்’ வராமலிருக்கத் தீப்பொறி நேரத்தையும் என்ஜினின் கணினியான இசியு பின்தள்ளும். முன்கிரில்லிலிருந்து காற்றெடுக்கும் குழாய் உடைந்தோ கழன்றோ கிடக்கிறதா என்று பார்ப்பதே மெக்கானிக்கின் நேரத்துக்குத் தகுதியான வேலை. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மெட்டு ஏறும் பழைய டீசல் ஜீப்புகளுக்கு த்ராட்டில் பாடியின் சூடு பற்றிய கேள்வியே எழாது. அவற்றில் பெரும்பாலும் காற்றைத் தடுக்கும் த்ராட்டில் தகடு கிடையாது. டீசலின் அளவே திறனைத் தீர்மானிக்கிறது.

இழப்பின் பக்கத்தையும் எழுதியாக வேண்டும். சில பழைய ஜப்பானிய என்ஜின்களில் குளிர்ந்த நிலையில் ஐட்லிங்கை உயர்த்தும் மெழுகு வால்வு இந்தக் கூலண்ட் சூட்டில்தான் மூடுகிறது. சூடு வராவிட்டால் ஐட்லிங் இறங்காது. இணைப்பு வேலையில் உள்ளே காற்றுக்குமிழி சிக்கினாலோ, கிளாம்ப் தளர்ந்து கூலண்ட் ஒழுகினாலோ, ஏற்றத்தின் நடுவில் என்ஜின் கொதித்துவிடும். கால் குதிரைத்திறனுக்காக சிலிண்டர் ஹெட்டைப் பணயம் வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

இதை மறுப்பவர் சோதித்துப் பார்க்க வழி எளிது. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் த்ராட்டிலுக்கு அப்பால், மேனிஃபோல்டிலேயே பொருத்தப்பட்ட கார் ஒன்று வேண்டும். முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் அளவீடு பயன்படாது. சென்சாரின் அளவைக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டி, மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஒரே காலையில் இருமுறை ஏறவேண்டும்: ஹோஸ்கள் இருந்தபடி ஒருமுறை, இணைத்துவிட்டு ஒருமுறை. இரண்டாவது ஏற்றத்துக்கு முன் என்ஜினை முதல்முறை இருந்த அதே வெப்பத்துக்கு ஆறவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஒவ்வொரு வளைவிலும் குறித்துக்கொள்ளவேண்டும்.