மேக் கணினியில் ஒலி ப்ளக்-இன்: கம்பைல் முதல் முத்திரை வரை

ப்ளக்-இன் தனித்து ஓடாத மென்பொருள். லாஜிக், கியூபேஸ் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் ஏறிக்கொண்டு குரலுக்கு எதிரொலி சேர்க்கும். அறையில் இல்லாத வீணையையும் ஒலிக்கவைக்கும். 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் மேக்குக்கான கியூபேஸுடன் விஎஸ்டி என்னும் வடிவத்தைக் கொண்டுவந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது ஆப்பிள் ஆடியோ யூனிட் என்று தனி வடிவம் வகுத்தது. 2002 ஜூலையில் ஆப்பிள், லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை வாங்கியதும் லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நின்றது. லாஜிக்கை நம்பிய ஸ்டுடியோக்களுக்கு மேக்கை விட்டால் வழியில்லை. சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் லாஜிக் கற்பிக்கிறது.

ப்ளக்-இன் எழுதுவோரை உண்மையில் அலைக்கழித்தது சிப் மாற்றம். 2005 ஜூனில் ஆப்பிள் பவர்பிசியை விட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக அறிவித்தது. பலர் அதுவரை கோட்வாரியர் என்னும் கருவியில் கம்பைல் செய்து, அதாவது நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றி, வந்தார்கள். அதைக் கைவிட்டு ஆப்பிளின் எக்ஸ்கோடுக்குப் போகவேண்டியதாயிற்று. பழைய நிரல்களை ஓட்ட ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருள் இருந்தது, ஆனால் ப்ளக்-இன்னுக்கு அது அதிகம் உதவவில்லை. தன்னை ஏற்றும் மென்பொருளின் நினைவகத்திலேயே ப்ளக்-இன் ஓடுவதால், இரண்டும் ஒரே சிப்பின் மொழியில் இருந்தாகவேண்டும். எனவே இரு சிப்புக்கும் தனித்தனியே கம்பைல் செய்து ஒரே கோப்பில் சேர்க்கும் யுனிவர்சல் பைனரி வழக்கமானது. 2019இல் வந்த கேட்டலினா என்னும் மேக்ஓஎஸ் பதிப்பு 32 பிட் மென்பொருளை அடியோடு நிறுத்தியது. புதுப்பிக்க ஆளில்லாத ப்ளக்-இன்கள் அன்றோடு ஊமையாயின. அவற்றை நம்பிச் செய்த பாட்டுக் கோப்புகளைத் திறந்தால் அந்த இடங்களில் மௌனம்தான். இந்த இழப்பு போதிய அளவு பேசப்படவில்லை. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்தபோது அதே வேலை மீண்டும் தொடங்கியது.

கம்பைல் முடிந்தால் வெளியீடு முடிந்தது என்ற காலமும் போய்விட்டது. ஆடியோ யூனிட்டை முதலில் ஏயுவேல் என்ற சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்க்கவேண்டும்; அதில் தேறாததை லாஜிக் ஏற்காது. அடுத்து, ஆண்டுக்கு 99 டாலர் கட்டிப் பெறும் டெவலப்பர் ஐடி சான்றிதழால் மின்னொப்பம் இடவேண்டும். துறைமுகம் நோக்கிப் போகும் கண்டெய்னருக்குப் போடும் சீல் போன்றது அது: உள்ளே ஒரு பைட் மாறினாலும் ஒப்பம் செல்லாது. பிறகு நிறுவல் கோப்பை ஆப்பிளின் சேவையகத்துக்கு அனுப்பி, தீங்கு நிரல் இல்லை என்ற நோட்டரி ஒப்புதலைப் பெற்று அதிலேயே ஒட்டவேண்டும். கேட்டலினாவிலிருந்து இந்த ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் இறக்கியதை மேக் தடுத்துவிடும். ப்ரோ டூல்ஸ் என்னும் இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளுக்கான ஏஏஎக்ஸ் வடிவத்துக்கு பேஸ் நிறுவனத்தின் ஒப்பமும் தனியாக வேண்டும்.

ஒரே நிரலிலிருந்து இத்தனை வடிவங்களையும் எடுக்கப் பலரும் நம்புவது ஜூஸ் என்னும் சி++ நூலகத்தை. எம்1 முதல் பெரும்பாலான ப்ளக்-இன் வெளியீடுகளில் இன்டெல், ஆப்பிள் சிப் இரண்டுக்குமான பாதிகள் இருக்கின்றன. 2025 ஜூனில் ஆப்பிள், இன்டெல் மேக்குகளில் ஓடப்போகும் கடைசி மேக்ஓஎஸ் டஹோதான் என்று அறிவித்துவிட்டது.